தாயமும் சான்றும்: 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்' பற்றிய ஓர் ஆய்வு

1. நோக்கம்

திருமறைக்காட்டுப் பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணம் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என்னும் மூன்று காண்டங்களில் 64 திருவிளையாடல்களை உரைப்பது. அவற்றுள் 39ஆவதாகிய 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்' கூடற் காண்டத்தில் அமைந்துள்ளது. தருமிக்குப் பொற்கிழி அளித்ததும், பிட்டுக்கு மண் சுமந்ததும், நரி பரியாக்கியதும் அறிஞர் பலரால் பலகால் ஆராயப்பெற்றுள. இப்படலமோ அடியார்க்கு எளியனாம் இறைவன் தன்மையைக் காட்டும் எடுத்துக்காட்டு என்ற அளவில் சுட்டப்பெற்று நின்றுவிடுகின்றது.

அக்கூற்று பிழையன்று, ஆயினும் போதுமானது அன்று. படலத்தின் பெயரே 'வழக்குரைத்த படலம்' என்பது. வழக்கு என்பதற்கு இரு திறத்தார் வேண்டும், வழக்குப்பொருள் வேண்டும், சான்று வேண்டும், முடிவு கூறும் அவை வேண்டும். இந்நான்கும் இப்படலத்தில் எங்ஙனம் அமைந்துள்ளன என்று நோக்கின், உரிமைக்காரன் தன் உள்ளக்கருத்தை நிலைபெற உரையாது நீங்கியவிடத்து அவன் பொருள் யாரைச் சேரும் என்னும் வினாவே படலத்தின் நடுவில் நிற்றல் புலனாம். அவ்வினாவைப் புலவர் எவ்வாறு எழுப்பினார், எவ்வாறு தீர்த்தார், தீர்த்த முறையில் எதனைத் தீர்க்காது விட்டார் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

2. கதைநிலை

சுந்தரேசபாதசேகர பாண்டியன் ஆட்சிக் காலத்தில் மதுரையில் தனபதி என்னும் வணிகன் வாழ்ந்தான். அவன் மனைவி சுசீலை. மகப்பேறு இல்லாமையால் அவன் தன் உடன்பிறந்தாளின் மகனைத் தன் மகனாகக் கொண்டு வளர்த்தான். ஒருகால் உடன்பிறந்தார் இருவரிடையே பூசல் நேர்ந்தது. மகவில்லாத நினக்கு இம்மையும் மறுமையும் என் மகனாலன்றோ வாய்ப்பன என்னும் கருத்துப்பட அவள் கூறிய சுடுசொல் தனபதியின் உள்ளத்தைத் தைத்தது. அடுத்த பிறப்பிலேனும் மகப்பேறு எய்த வேண்டும் என்று எண்ணி, பொருளனைத்தையும் மருமகனுக்கு விடுத்து, மனைவியோடு தவம் செய்யச் சென்றான். சென்றவன் திரும்பவில்லை.

அதன்பின் தாயத்தார் வந்தனர். சிறுவனிடமிருந்து பொருளனைத்தையும் கவர்ந்துகொண்டனர். துணையற்ற தாய் மகனோடு சோமசுந்தரக் கடவுளின் முன் முறையிட்டாள். கனவில் தோன்றிய இறைவன் தாயத்தாரை மன்றத்துக்கு அழைக்குமாறும் தான் வந்து வழக்கைத் தீர்ப்பதாகவும் பணித்தான். அவ்வாறே தனபதியின் வடிவு கொண்டு மன்றம் புக்கு, மருமகனைத் தழுவி வருந்தி, அவையத்தார்முன் வழக்குரைத்தான். வந்தவன் தனபதி அல்லன் எனத் தாயத்தார் மறுத்தனர். அவன் அவர்தம் குடிவரலாறுகளையும் பெயர்களையும் பண்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தான். அவையத்தார் அவனே தனபதி எனத் தேறினர், பொருள் மருமகனுக்கு மீண்டது, வந்தவன் மறைந்தான். செய்தி அறிந்த பாண்டியன் வியந்து சிறுவனுக்குச் சிறப்புச் செய்தான்.

3. தாயத்தார் வழக்கின் வலிமை

கற்பார் அனைவரும் தாயத்தாரைக் கள்வர் என்றே கொள்வர். புலவரும் அவ்வாறு கொள்ளவே பாடியுள்ளார். எனினும் அவர் வழக்கு அடிப்படையற்றதன்று. திறனாய்வாளன் கருதத்தக்க முதற் செய்தி இதுவே.

தாயம் என்பது வழிவழி வரும் உரிமைப் பொருள். பத்துப்பாட்டுள் அச்சொல் அரசுரிமையையும் குறிக்கும். கரிகாலன் தாயம் எய்திய செய்தியைப் பொருநராற்றுப்படையும் பட்டினப்பாலையும் கூறுகின்றன. தாயத்தில் பங்குடையார் தாயத்தார். ஆகவே அச்சொல் தன்னளவில் பழிச்சொல் அன்று, உரிமைச் சொல்லேயாம். யாஞ்ஞவல்கியத்துக்கு விஞ்ஞானேசுவரர் வரைந்த மிதாட்சரம் என்னும் உரை தென்னாட்டிலும் பெருவழக்காய் நின்றது. அதன்படி, மகனின்றி இறந்தானது பொருள் முதற்கண் மனைவியையும் பின்னர் மகள் முதலியோரையும் பெற்றோரையும் சென்று, அதன்பின் ஆண்வழி வந்த ஒரே குடியினரைச் சேரும். உடன்பிறந்தாளின் மகன் பெண்வழி உறவினன். ஒரே குடியினர் அனைவரும் இல்லாத இடத்தே அவனுக்கு முறை வரும். எனவே தனபதி இறந்தான் என்று கொள்ளின், அந்நூல் நெறி தாயத்தார் பக்கமே சாயும்.

மருமகன் வளர்ப்பு மகன் ஆயிற்றே எனின், அங்கும் தடை உண்டு. தத்தக மீமாஞ்சை முதலிய வடநூல்கள், இருபிறப்பாளர் உடன்பிறந்தாளின் மகனைத் தத்தெடுத்தல் ஆகாது என விலக்குகின்றன. தென்னாட்டு வழக்கம் இவ்விலக்கை ஏற்றதில்லை. இங்கு அந்தணரிடையேயும் அவ்வாறு தத்தெடுக்கும் வழக்கம் உண்டு எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1885ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. நூலும் வழக்கமும் மாறுபட்டு நின்ற இவ்விடைவெளியிலேதான் தனபதியின் குடும்பம் நின்றது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சுசீலை மதுரையில் இருந்திருப்பின் மிதாட்சர நெறிப்படி அவளே முதல் உரிமையள். தாயத்தார் வாய் திறத்தற்கு இடமில்லை. அவளையும் கணவனோடு தவத்திற்கு அனுப்பியதனால், தாயத்தாரைத் தடுக்கவல்ல ஒரே உறவையும் கதை அகற்றிவிடுகின்றது. எஞ்சுவார் நூல் நெறியால் வலியற்ற ஒரு தாயும் ஒரு சிறுவனுமே. மனைவியும் உடன் சென்றாள் என்பது வாளா கூறிய செய்தி போலத் தோன்றும். வழக்கின் நெருக்கடி முழுதும் அதனாலேயே பிறக்கின்றது.

4. ஓலையுள்ள வழக்கும் ஓலையில்லா வழக்கும்

இறைவன் மன்றம் ஏறி வழக்காடும் மற்றொரு பெருநிகழ்ச்சி பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் உள்ளது. அதனோடு இதனை ஒப்புநோக்குதல் பெரிதும் பயன் தரும்.

ஆண்டு இறைவன் முதிய அந்தணனாய்ப் புத்தூர் மணப்பந்தருள் புகுந்து, மணமகனாகிய நம்பியாரூரர் தனக்கு அடிமை என்கின்றான். சான்று, ஆரூரரின் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை. ஆரூரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்படுகின்றது. அவையத்தார் பாட்டன் கைச்சாத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒத்துப்பார்த்து முடிவு கூறுகின்றனர். வழக்கு முழுதும் எழுத்தின்மேல் நடக்கின்றது. இறந்த பாட்டன் தான் எழுதியதனால் பெயரனைக் கட்டுகின்றான்.

மாமனாக வந்த வழக்கிலோ அத்தகைய எழுத்து இல்லை. தனபதி பொருளை மருமகனுக்கு விட்டான் என்பது படிப்பார்க்குத் தெரியும். புலவர் கூறியதனால் தெரியும். மன்றத்தார்க்கு அது தெரியுமாறு இல்லை. அவன் அவையைக் கூட்டி உரைத்ததாகவோ ஓலை எழுதிவைத்ததாகவோ கொண்டு அவன் உடன்பிறந்தாள் வழக்காடவில்லை. சேக்கிழார் வழக்கில் எழுத்து பேச, எழுதினவன் வரவேண்டுவதில்லை. பரஞ்சோதியார் வழக்கில் எழுத்து இல்லாமையால் உரிமையாளனே நேரில் வரவேண்டியதாயிற்று. அவன் வரமாட்டான்; ஆதலின் இறைவன் அவனாக வரவேண்டியதாயிற்று. ஆகவே இத்திருவிளையாடலின் வேர் ஓர் ஓலையின் இன்மையே எனலாம்.

இதனால் மற்றோர் உண்மையும் பெறப்படும். இறைவன் தாயநெறியை மாற்றவில்லை. பெண்வழி உறவினனே உரியவன் என்று புதுநெறி வகுக்கவுமில்லை. உரிமையாளன் உயிரோடு வந்து நிற்பின் தாயம் என்னும் பேச்சே எழாது. இருப்பவன் தன் பொருளைத் தான் விரும்பியவாறு மருமகனுக்கு ஆக்கிக்கொள்வான். 'இறந்தான் பொருள் யாருக்கு?' என்ற வினாவுக்கு இறைவன் விடை கூறவில்லை. 'இறந்தான்' என்னும் சொல்லையே நீக்கினான். நெறிக்கு ஊறு செய்யாது நெறியால் விளைந்த கேட்டை நீக்கிய திறம் இஃது. இதனைப் புலவரின் நுண்ணறிவு என்று பாராட்டலாம். நெறியின் குறை அவ்வாறே எஞ்சிற்று என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

5. தாயத்தார் கூறிய மெய்

படலத்தின் மிக அரிய சிக்கல் இனிமேல்தான் உள்ளது. வந்தவன் தனபதி அல்லன் என்று தாயத்தார் கூறினர். அவர் கூறியது மெய். வந்தவன் தனபதி அல்லன்தான். அவையத்தார் அவனே தனபதி என்று முடிவு செய்தனர். அவர் முடிவு நிகழ்ச்சியளவில் பொய். மெய்யுரைத்தார் தோற்கவும் பொய்ம்முடிவு அறமாகவும் நின்ற இம்முரண்பாட்டைப் புராண விரிவுரையாளர் பொதுவாகக் கடந்து சென்றுவிடுவர்.

பிறர்க்குக் குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடம் பெறும் என்னும் வள்ளுவர் கருத்தைக் காட்டி அமைதி கூறலாம். அவ்வமைதி இறைவன் செயலுக்குப் பொருந்தும். அவையத்தார் முடிவுக்குப் பொருந்தாது. நன்மை கருதிப் பொய்யை ஏற்றவர் அல்லர் அவர். மெய்யென்று தேர்ந்தே ஏற்றனர். ஆகவே அவர் எதனைக் கொண்டு தேர்ந்தனர் என்பதனை ஆராய்தல் வேண்டும்.

முகத்தோற்றத்தை மட்டும் அவர் கொள்ளவில்லை. வேடம் புனைந்து வருவார் உளர் என்பதை அறியாத அவையில்லை. அவர் கொண்டது அறிவு. ஒரு குடியின் முன்னோர் பெயர், கொண்டும் கொடுத்தும் வந்த உறவு, ஒவ்வொருவர் இயல்பு ஆகியவற்றை இடையீடின்றி உரைக்க வல்லான் அக்குடியினுள் வாழ்ந்தவனாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. உறவுமுறை பற்றிய வழக்கில், அவ்வுறவை நெருங்கி அறிதற்கு வாய்ப்புடையார் கூற்றையே சான்றாகக் கொள்ளும் நெறி 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்திலும் இடம்பெற்றது. அதன் இடத்தில் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கின்றது. பரஞ்சோதியார் காட்டும் அவையத்தார் தேர்வுமுறை பிழைபட்டதன்று. எல்லாம் அறிந்தவன் ஒருவன் வேடம் புனைந்து வருவான் என்பதொன்றே அவர் முறையில் அடங்காதது.

இவ்வறிவே தாயத்தாரையும் வென்றது. குருதியால் உறவு என்று பொருளைக் கவர்ந்தவர்முன், அக்குடியைத் தம்மினும் நன்கறிந்த ஒருவன் நிற்கின்றான். சுற்றம் என்பது பங்கு கேட்கும் உரிமையோ, அறிந்து வந்து துணைநிற்கும் கடமையோ என்னும் வினாவைச் சொல்லாமற் சொல்கின்றது அக்காட்சி. மாமன் அல்லாதான் மாமன் கடமையைச் செய்தான். சுற்றத்தார் சுற்றத்தின் கடமையைச் செய்திலர்.

இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது காளிதாசரின் சாகுந்தலம் ஆறாம் அங்கத்து வரும் ஒரு செய்தி. தனமித்திரன் என்னும் கடல்வணிகன் கலம் கவிழ்ந்து மகவின்றி இறந்தான். அவன் பொருள் அரசனைச் சேரும் என்று அமைச்சன் எழுதுகின்றான். துடியந்தன் அதனை உடனே ஏற்றிலன். வணிகன் மனைவியருள் கருவுற்றார் உளரோ என வினவி, ஒருத்தி கருவுற்றிருத்தல் அறிந்து, கருவில் உள்ள மகவே தந்தை பொருளுக்கு உரியது என்கின்றான். பின்னர், குடிமக்கள் எவ்வுறவை இழப்பினும் தீவினை தொடர்பற்றவிடத்து அவ்வுறவாகத் தானே நிற்பதாகப் பறையறைவிக்கின்றான். அங்கு அரசன் உறவாக நிற்பேன் என்று உரைக்கின்றான். இங்கு இறைவன் உறவாகவே வந்து நிற்கின்றான். வடமொழி நாடகத்தில் அரசன் ஆராய்ந்து நீதியைக் கண்டான். நம் படலத்துப் பாண்டியன் வழக்கு முடிந்த பின்னரே செய்தி கேட்டு வியக்கின்றான். ஆதரவற்ற தாயின் குரல் அரண்மனைக்கு எட்டுமுன் திருக்கோயிலுக்கு எட்டிற்று என்பது அரசைப் பற்றிய மெல்லிய குறிப்பாகவும் கொள்ளத்தகும்.

6. மற்றொரு மாமனும் மற்றொரு சுற்றமும்

தாயத்தார் அனைவரும் கொடியர் என்பது பரஞ்சோதியார் கருத்தன்று. நூலின் இறுதியாகிய 64ஆவது படலம் 'வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்த படலம்'. அதிலும் ஒரு வணிகன், அதிலும் மதுரையில் வாழும் மருமகன். வணிகன் தன் ஒரே மகளை அவனுக்குக் கொடுப்பதாகச் சுற்றத்தார் அறியக் கூறியிருந்தான்; கொடுக்குமுன் இறந்தான். சுற்றத்தார் அப்பொருளைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. மருமகனுக்குச் செய்தி விடுத்தனர். அவன் வந்து பெண்ணையும் பொருளையும் ஏற்றுச் சென்றான். எழுதப்படாத சொல் ஆண்டுச் சுற்றத்தின் நெஞ்சில் எழுதப்பெற்றிருந்தது.

அங்கும் சான்றின் சிக்கல் வேறுருவில் எழுகின்றது. வழியிடைத் திருப்புறம்பயத்தில் நிகழ்ந்த திருமணத்துக்கு மதுரையில் சான்று இல்லை. மூத்த மனைவி பழிக்கின்றாள். வன்னியும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கு வந்து சான்றாகின்றன. வன்னிமரமும் மடைப்பள்ளியும் சான்றாக நின்ற பத்தினியைச் சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையில் கண்ணகி நினைவுகூர்தலின், இம்மரபு தமிழில் மிகப் பழமையானது என்பது தெளிவு. இரு படலங்களையும் ஒருங்கு வைத்தால், இறந்தவன் சொல்லைச் சுற்றத்தார் காத்தவிடத்துப் பொருட்பூசல் எழவில்லை என்பதும், காவாதவிடத்து இறைவனே வரவேண்டியிருந்தது என்பதும் விளங்கும்.

மருமகன் பக்கமே எப்போதும் அறம் நிற்கும் என்று கொள்ளற்க. நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழித் தாயம் வழக்கில் இருந்தது. அங்கு மாமன் பொருள் மருமகனுக்கே உரியது. மனைவியும் மக்களும் வெறுங்கையராய் நின்றனர். அந்நிலையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலில், காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி வாயில் வைத்து, நகைச்சுவையும் அவலமும் விரவப் பாடினார். பரஞ்சோதியார் படலத்தில் மருமகன் இரங்கத்தக்கவன்; கவிமணி நூலில் அவனே இரங்காதவன். உறவின் பெயர் ஒன்றே. நெறி மாறியதனால் நிலை மாறிற்று. எந்நெறி வகுப்பினும் அந்நெறிக்குப் புறத்தே நின்று வாடுவார் சிலர் உளராதல் இவ்விரு நூல்களையும் ஒருசேரக் கற்பார்க்குப் புலனாம்.

7. குறை யாருடையது?

படலத்தின் முதற்பகுதிக்கு மீள்வோம். தாயத்தார் வருமுன்னரே அக்குடும்பத்தில் பூசல் இருந்தது. உடன்பிறந்தாளின் சொல் வெறும் வசை அன்று. உரிமை பேசிய சொல். என் மகனால்தான் நினக்கு வாழ்வு என்றாள். தமையன் நீங்கிய பின்னர், தமையனால்தான் தன் மகனுக்கு வாழ்வு என்பதை மன்றத்தின்முன் நின்று உணர்கின்றாள். புலவர் இம்மாற்றத்தை எடுத்துப் பேசவில்லை. நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து நிறுத்திய முறையாலேயே உணர்த்துகின்றார். கவிதைத் திறத்தில் இதுவே படலத்தின் தலைசிறந்த இடம் என்பது எம் துணிபு.

தனபதியையும் குறை கூறாது விடுதல் இயலாது. அவன் புண்பட்டான், சென்றான். மகவாக வளர்த்த சிறுவனை ஊரறிய நிலைநிறுத்தாது சென்றான். மறுமையின் மகப்பேற்றை நாடியவன் இம்மையில் தான் ஏற்ற மகவை மறந்தான். தாயத்தார் செய்த கேட்டுக்கு வாயில் திறந்தவன் அவனே. படலம் அவனைப் பழிக்கவில்லை. ஆயினும் அவன் செய்யாது விட்டதனை இறைவன் அவன் வடிவில் வந்தே செய்ய வேண்டியிருந்தது என்னும் கதையமைப்பு, பழிப்பினும் கடுமையானது.

'உயில்' என்னும் சொல் ஆங்கிலத்தின் வழித் தமிழுக்கு வந்தது. இந்துக்களின் உயில்பற்றிய சட்டம் 1870ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உடன்பிறந்தாளையும் அவள் மகனையும் பாட்டனுக்குப் பின், தந்தையின் உடன்பிறந்தார்க்கு முன் வைத்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் உடன்பிறந்தாளை உடன்பிறந்தானோடு ஒருங்கே வைத்தது. திருவிளையாடலில் இறைவன் வந்து மீட்டுத்தந்ததன் ஒரு பகுதியைச் சட்டம் பன்னூறு ஆண்டுகள் கழித்து வழங்கிற்று என்னலாம். ஆயினும் இறந்தார் கருத்து வெளிப்படையாக இல்லாதவிடத்து, நெருங்கிய உறவினரே பொருளை ஆள்வது யார் என்று மன்றமேறும் நிலை இன்றும் மாறவில்லை. நெறி பங்கினை வரையறுக்கும். பங்கு பெறுவாரின் நெஞ்சை வரையறுக்கமாட்டாது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: தாயத்தார் வழக்கு பழைய நூல் நெறியை நோக்க வலியற்றதன்று, இறைவன் அந்நெறியை மாற்றாது, உரிமையாளன் வடிவில் வந்து அதற்கு இடமில்லாமல் செய்தான், அவையத்தார் தோற்றத்தையன்றிக் குடியறிவையே சான்றாகக் கொண்டனர், ஓலையின்மையும் தனபதியின் சினமுமே கேட்டின் வேர்கள்.

அருளின் பெருமையைப் பாடுதலே பரஞ்சோதியார் கருத்து. அதில் ஐயமில்லை. எனினும் பெரும்புலவர் அருளைப் பாடும்போது, அருள் தேவைப்பட்ட இடத்தையும் உண்மையோடு பாடுவர். மன்றத்தின் நடுவே மாமனின் தோளைப் பற்றி நின்ற அச்சிறுவன் வழக்கில் வென்றான், பொருள் பெற்றான். மாமன் மறைந்தான். மெய்யான தனபதி திரும்பினான் என்று படலம் கூறவில்லை. பொருள் மீண்டது, பொருளுக்குரியவன் மீண்டிலன். வெற்றியினுள் அடங்கிய இவ்விழப்பையும் உணர்ந்து கற்பார்க்கே இப்படலத்தின் முழுப்பொருள் புலனாகும்.